செக்யூரிட்டி பிளஸ் தேர்வுக்குப் புத்தகம் வாங்கும் முன்

கணினிப் பாதுகாப்புக்கான சான்றிதழ்த் தேர்வான செக்யூரிட்டி பிளஸ் எழுத எந்தப் புத்தகம் வாங்கலாம் என்று கேட்பவர்கள், நட்சத்திர மதிப்பீடுகளைப் பார்க்கும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். தேர்வை நடத்தும் கம்ப்டியாவின் தளத்தில் ‘எக்ஸாம் ஆப்ஜெக்டிவ்ஸ்’ என்ற பிடிஎஃப் இலவசமாகக் கிடைக்கும். அதுதான் பாடத்திட்டம்; 1.1, 1.2 என்று எண்ணிட்ட ‘நோக்கங்கள்’ அதில் இருக்கும். அதை அச்சிட்டுப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் எந்தப் புத்தகத்தையும் அரை மணி நேரத்தில் எடை போட்டுவிடலாம்.

முதலில் தேர்வுக் குறியீடு. எஸ்ஒய்0-701 பதிப்பு 2023 நவம்பரில் வந்தது. அதற்கு முந்தைய எஸ்ஒய்0-601 தேர்வு 2024 ஜூலை 31-உடன் முடிந்துபோனது. 601-க்கு எழுதிய புத்தகத்தை யாராவது சும்மா கொடுத்தாலும் அதை முதன்மைப் புத்தகமாக வைத்துக்கொள்ளாதீர்கள். பெரும்பாலான பாடங்கள் இரண்டிலும் உண்டுதான். ஆனால் பகுப்பும் அழுத்தமும் மாறிவிட்டன. 701-ல் ஐந்து பகுதிகள்: பொதுக் கருத்துகள் 12%, அச்சுறுத்தல்களும் பலவீனங்களும் 22%, கட்டமைப்பு 18%, அன்றாடப் பாதுகாப்புப் பணிகள் 28%, நிர்வாகமும் மேற்பார்வையும் 20%. கடைசி இரண்டு மட்டுமே சேர்ந்து 48%. புத்தகத்தின் பொருளடக்கத்தில் இந்த இரண்டுக்கும் எத்தனை பக்கம் என்று எண்ணிப் பாருங்கள். கிரிப்டோகிராஃபிக்கு (தகவலை மறைகுறியாக்கும் முறைக்கு) நூறு பக்கம் கொடுத்துவிட்டு ரிஸ்க் நிர்வாகத்தை இருபது பக்கத்தில் முடிக்கும் புத்தகம் ஆசிரியருக்குப் பிடித்ததைச் சொல்கிறது. தேர்வு கேட்பது வேறு. 2017, 2020, 2023 என்று ஏறக்குறைய மூன்றாண்டுக்கு ஒருமுறை பதிப்பு மாறியிருக்கிறது. அதனால் பணம் கட்டும் நாளன்று எந்தக் குறியீடு நடப்பில் இருக்கிறது என்பதைக் கம்ப்டியா தளத்திலேயே சரிபாருங்கள்.

அட்டையில் 701 என்று போட்டிருந்தால் மட்டும் போதாது. பழைய புத்தகத்துக்குப் புது அட்டை மாட்டியிருக்கிறார்களா என்று பார்க்க ஒரு வழி உண்டு. 1.1-ஆவது நோக்கத்தைப் பற்றிய பக்கத்தைத் திறங்கள். கன்ட்ரோல்களின், அதாவது பாதுகாப்பு ஏற்பாடுகளின், பிரிவுகள் நான்கு: டெக்னிக்கல், மேனேஜீரியல், ஆபரேஷனல், ஃபிசிக்கல். வகைகள் ஆறு: ப்ரிவென்டிவ், டிடெரன்ட், டிடெக்டிவ், கரெக்டிவ், காம்பன்சேட்டிங், டைரக்டிவ். 601-ல் டைரக்டிவ் கிடையாது. ஃபிசிக்கல் என்பது பிரிவில் இல்லாமல் வகைப் பட்டியலில் இருந்தது. புத்தகம் இன்னும் பழைய பட்டியலையே சொன்னால் மூடி வைத்துவிடலாம்.

அடுத்து, பாடத்திட்டத்தில் உள்ள வினைச்சொற்கள். சில நோக்கங்கள் ‘விளக்குக’ என்று தொடங்கும், சில ‘ஒப்பிடுக’ என்று. நிறைய நோக்கங்கள் ‘ஒரு சூழல் கொடுக்கப்பட்டால்’ என்று தொடங்கும். அந்த இடங்களில் வரையறை மட்டும் தரும் புத்தகம் உதவாது. 4.9 இதற்கு நல்ல உதாரணம். விசாரணைக்குப் பதிவேடுகளைப் பயன்படுத்துவது பற்றியது அது. அங்கே ஃபயர்வால் லாக்கின் நாலு வரியாவது அச்சாகியிருக்க வேண்டும். எந்த ஐபி முகவரியிலிருந்து தொலைவிலிருந்து விண்டோஸ் கணினிக்குள் நுழையப் பயன்படும் 3389 போர்ட்டைத் திரும்பத் திரும்பத் தட்டுகிறார்கள் என்று உங்களையே கண்டுபிடிக்க வைக்க வேண்டும். தேர்வில் செய்முறைக் கேள்விகளும் உண்டு, அவை இப்படித்தான் வரும்.

5.2-ல் ரிஸ்க் கணக்கு வருகிறது. ஒரு சர்வரின் மதிப்பு 8 லட்சம் ரூபாய், ஒரு விபத்தில் அதில் 25% சேதமாகும் என்றால் ஒரு தடவை இழப்பு, அதாவது எஸ்எல்இ, 2 லட்சம். அது இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் என்றால் ஏஆர்ஓ, அதாவது ஆண்டுக்கு எத்தனை தடவை என்பது, 0.5. இரண்டையும் பெருக்கினால் ஆண்டு இழப்பான ஏஎல்இ 1 லட்சம். அதைத் தடுக்க ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் செலவழிப்பது சரியா என்ற கேள்வி வரைக்கும் புத்தகம் கூட்டிப்போகிறதா என்று பாருங்கள். சூத்திரத்தோடு நிறுத்திக்கொள்பவை பல.

பயிற்சிக் கேள்விகளைத் தேர்ந்தெடுப்பதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். ‘2,000 கேள்விகள்’ என்ற எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், விடை விளக்கத்தைப் படியுங்கள். ஒரு கேள்வி: பேட்ச் (மென்பொருள் ஓட்டையை அடைக்கும் திருத்தம்) போட முடியாத பழைய மருத்துவக் கருவியைத் தனி விலானில் (நெட்வொர்க்குக்குள் பிரித்த தனிப் பகுதியில்) ஒதுக்கி வைக்கிறார்கள், இது எந்த வகைக் கன்ட்ரோல்? விடை காம்பன்சேட்டிங். ‘முதன்மைப் பாதுகாப்புக்குப் பதிலாக வைப்பது’ என்று மட்டும் எழுதியிருந்தால் அது அரை விளக்கம். இது தாக்குதலைத் தடுக்கத்தானே செய்கிறது, ஏன் ப்ரிவென்டிவ் என்று சொல்லக்கூடாது என்பதற்கும் பதில் வேண்டும். ‘பேட்ச் போட முடியாத’ என்ற சொல்தான் விடையைத் தீர்மானிக்கிறது என்று காட்ட வேண்டும். தேர்வில் இரண்டு விடைகள் சரிபோலவே நிற்கும். அவற்றைப் பிரிக்கும் சொல்லைக் கண்டுபிடிக்கக் கற்றுத்தருவது இந்த விளக்கம்தான்.

எத்தனை வாங்குவது? முதன்மைப் புத்தகம் ஒன்று, அதை எழுதாத வேறொருவர் தயாரித்த கேள்வித் தொகுப்பு ஒன்று, முழுப் பாடத்திட்டத்தையும் தொடும் வீடியோத் தொடர் ஒன்று. வீடியோ யூடியூபில் இலவசமாகவே கிடைக்கும். இரண்டு முதன்மைப் புத்தகம் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் இரண்டையும் பாதியில் விடுகிறார்கள். செகண்ட் ஹேண்ட் பிரதி என்றால், ஆன்லைன் கேள்விகளுக்கான குறியீட்டை முந்தைய உரிமையாளர் ஏற்கெனவே பதிவுசெய்திருக்க வாய்ப்பு அதிகம். அந்தக் கேள்விகள் கிடைக்காது என்று வைத்தே விலை பேசுங்கள்.

22, 53, 443 ஆகிய போர்ட்கள் எதற்கு, சப்நெட் என்றால் என்ன என்று உடனே சொல்ல வரவில்லையென்றால் முதலில் நெட்வொர்க்கிங் அடிப்படைப் புத்தகம் ஒன்றைப் படியுங்கள். நெட்வொர்க் பிளஸ் அளவு அறிவோடு வருவது நல்லது என்று கம்ப்டியாவே சொல்கிறது. செக்யூரிட்டி புத்தகங்கள் அதைத் தெரியும் என்று எடுத்துக்கொண்டுதான் எழுதப்படுகின்றன.

தேர்வு 90 நிமிடம், அதிகபட்சம் 90 கேள்விகள். தேர்ச்சிக்கு 750 வேண்டும். அது 100 முதல் 900 வரையிலான அளவுகோலில் கணக்கிடும் எண், சதவீதம் அல்ல. ஆகவே மாக் டெஸ்ட் மதிப்பெண்ணை இதோடு நேரடியாக ஒப்பிட முடியாது. முதல் தடவை பார்க்கும் கேள்விகளில், கடிகாரம் வைத்து, தொடர்ந்து 85% வந்தால் தேதி குறிக்கலாம். அதே தொகுப்பை மூன்றாம் முறை எழுதி 95% எடுப்பது கேள்வி மனப்பாடமானதைத்தான் காட்டுகிறது.

‘அசல் தேர்வுக் கேள்விகள், தேர்ச்சி உறுதி’ என்று விற்கும் டம்ப்ஸ் பக்கம் போகவே வேண்டாம். அவற்றைப் பயன்படுத்துவது தேர்வெழுதுபவர் ஒப்புக்கொள்ளும் விதிகளுக்கு எதிரானது. பிடிபட்டால் கையில் உள்ள சான்றிதழும் போகலாம். அவற்றில் தவறான விடைகளும் நிறைய, விளக்கமே இல்லாததால் எது தவறு என்று உங்களுக்குத் தெரியவும் தெரியாது.

புத்தகம் வந்ததும் பதிப்பாளர் தளத்தில் பிழைதிருத்தப் பட்டியலைத் தேடி, திருத்தங்களைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பாடத்திட்டத்தின் 28 நோக்கங்களுக்கும் எதிரே புத்தகத்தின் பக்க எண்ணை எழுதுங்கள். எண் எழுத முடியாத வரிகளை வீடியோவில் தேடிக்கொள்ளலாம்.