புதைபடிவம் தேடுவது எப்படி? தோண்டுவதற்கு முன் நிறைய நடக்க வேண்டும்

புதைபடிவத் தேடல் என்றதும் மண்வெட்டியும் பெரிய குழியும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். ஆனால் களத்தில் தொல்லுயிரியலாளர்களின் (பழங்கால உயிரினங்களை ஆராய்பவர்களின்) பெரும்பாலான நேரம் நடையில் போகிறது. தலையைக் குனிந்து, மிக மெதுவாக, நாள் முழுக்க நடப்பார்கள். தோண்டுவது கடைசி வேலை.

1. முதலில் வரைபடம்

நிலவியல் வரைபடத்தை விரித்து மூன்று கேள்விகளைக் கேளுங்கள். அங்கே இருப்பது படிவுப் பாறையா? நீங்கள் தேடும் உயிரினம் வாழ்ந்த காலத்துப் பாறையா? அது மண்ணுக்கு மேலே தெரிகிறதா? கிரானைட் உருகிய குழம்பு இறுகி உருவானது. அதில் தேடிப் பயனில்லை. சேறும் மணலும் படிந்து இறுகிய பாறைதான் எலும்பைக் காப்பாற்றி வைக்கும்.

இடத்தேர்வு எவ்வளவு முக்கியம் என்பதற்கு, கால் போன்ற துடுப்புகள் கொண்ட பழங்கால மீனான டிக்டாலிக்கைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. மீனுக்கும் நான்கு கால் விலங்குக்கும் இடைப்பட்ட உயிரினத்தைத் தேடிய தொல்லுயிரியலாளர்கள் நீல் ஷூபினும் டெட் டேஷ்லரும், சுமார் 37.5 கோடி ஆண்டுப் பழமையான பாறை வேண்டும் என்று முதலில் கணக்கிட்டார்கள். ஒரு பாடநூலில் இருந்த வரைபடம் கனடாவின் ஆர்க்டிக் பகுதியைக் காட்டியது. 1999-இல் போனார்கள், அங்கிருந்தவை ஆழ்கடலில் படிந்த பாறைகள், அவர்கள் தேடியதற்குப் பொருந்தாதவை. மறு ஆண்டு கிழக்கே, பழைய ஆற்றுப் படிவுகள் உள்ள எல்ஸ்மியர் தீவுக்கு மாறினார்கள். 2004-இல்தான் பாறைச் சரிவிலிருந்து டிக்டாலிக்கின் தட்டையான மூக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பது கண்ணில் பட்டது.

2. அனுமதி

நிலத்துக்குரியவரிடம் கேளுங்கள், அந்த நாட்டுச் சட்டத்தையும் பாருங்கள். இதைத் தவிர்க்கவே கூடாது.

3. கண்ணைப் பழக்குங்கள்

காலையிலும் மாலையிலும் போங்கள். சாய்ந்த வெயிலில் சின்ன மேடும் நிழல் போடும்; உச்சி வெயிலில் எல்லாம் ஒரே தட்டையாகத் தெரியும். நிறம், பளபளப்பு, வடிவம் என்று சுற்றியுள்ள கற்களோடு ஒட்டாத எதையும் கையில் எடுத்துப் பாருங்கள். எலும்பை உடைந்த முனையில்தான் அடையாளம் காண வேண்டும். உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்தால், உள்ளே தேன்கூடுபோல நுண்துளைகள் தெரியும். சாதாரணக் கல்லில் அந்த ஒழுங்கு இருக்காது. முதல் சில நாட்கள் எல்லாமே எலும்பாகத் தெரியும், பிறகு எதுவுமே தெரியாது. அதற்குப் பிறகுதான் கண் பழகும்.

4. உதிரித் துண்டைப் பின்தொடருங்கள்

சரிவின் அடியில் ஒரு துண்டு கிடைத்தால் அது மேலேயிருந்து உருண்டு வந்திருக்கும். அடுத்த துண்டு எங்கே என்று பார்த்துக்கொண்டே மேலே ஏறுங்கள். துண்டுகள் எந்த மட்டத்தில் நின்றுபோகின்றனவோ, பெரும்பாலும் அந்த அடுக்கில்தான் மூலம் இருக்கும். 1990 ஆகஸ்டில் அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் புதைபடிவம் தேடுபவரான சூ ஹென்ட்ரிக்சன் ஒரு குன்றின் அடியில் எலும்புத் துணுக்குகளைக் கண்டு நிமிர்ந்து பார்த்தார். மேலே பாறையில் முதுகெலும்புகள் தெரிந்தன. இன்று அவர் பெயராலேயே 'சூ' என்று அழைக்கப்படும் டைரனோசாரஸ் வகை டைனோசர் அது.

5. கண்டதும் பிடுங்காதீர்கள்

பொறுமைக்கு உண்மையான சோதனை இங்கேதான். அளவுகோலை அருகில் வைத்துப் படம் எடுங்கள். இடத்தையும் அடுக்கையும் எலும்பு கிடக்கும் திசையையும் குறியுங்கள். எந்த அடுக்கிலிருந்து வந்தது என்று தெரியாத எலும்பு, ஆய்வுக்குப் பாதிப் பயன்கூடத் தராது. பிறகு ஓர் அருங்காட்சியகத்துக்கோ பல்கலைக்கழகத்துக்கோ சொல்லுங்கள். அவர்கள் வந்து, சுற்றியுள்ள பாறையோடு சேர்த்து அகழ்வார்கள். ஈரக் காகிதத்தை எலும்பின் மேல் ஒட்டி, பிளாஸ்டரில் நனைத்த சாக்குத்துணியைச் சுற்றி, இறுகிய பிறகு அடியை அறுத்துப் புரட்டுவார்கள். ஆய்வுக்கூடத்தில் வேலை மறுபடி தொடங்கும். சூவின் எலும்புகளைச் சுத்தம் செய்யவே 25,000 மணி நேரத்துக்கு மேல் ஆனது.

6. எதுவும் கிடைக்காத நாளையும் எழுதுங்கள்

தேதி, எந்தச் சரிவு, எந்த அடுக்கு, எத்தனை மணி நேரம் நடந்தீர்கள் என்று குறிப்பேட்டில் பதியுங்கள். அதே சரிவுக்கு ஒரு மழைக்காலம் கழித்து மறுபடி போங்கள். சென்ற முறை மண்ணுக்குள் இருந்தது இம்முறை வெளியே தெரியலாம்.