மழையில் ரியர் வீல் டிரைவ் கார்: முதல்முறை ஓட்டுபவர்களுக்கான செய்முறை

ஃபோர்டு மஸ்டாங் ஜிடி 2016-ல் இந்தியாவுக்கு வந்தது. இப்போது செகண்ட் ஹேண்டில்தான் கிடைக்கிறது. அதுவரை ஸ்விஃப்ட்டோ ஐ20-யோ ஓட்டிப் பழகிய ஒருவர் அதை வாங்கி, ஐப்பசி மழையில் முதல்முறையாக ரோட்டில் இறக்கினால் எனக்குக் கவலையாகவே இருக்கும். 5 லிட்டர் வி8 எஞ்சின், சுமார் 400 குதிரைத்திறன், மொத்தமும் பின்னால் இருக்கும் இரண்டு டயர்களுக்குப் போகிறது. ரியர் வீல் டிரைவ் என்பது இதைத்தான். இதுவரை பழகிய பழக்கங்களில் ஒன்றிரண்டு இந்தக் காரில் ஆபத்தானவை.

ஸ்விஃப்ட், ஐ20 மாதிரி முன் சக்கரத்தில் இயங்கும் காரில் வளைவில் அதிகமாக மிதித்தால் முன் டயர் வழுக்கும். கார் திரும்பாமல் நேராக வெளியே போகப் பார்க்கும். காலை எடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். மஸ்டாங்கில் பின் டயர் வழுக்கும். வால் பக்கவாட்டில் வீசும். பயந்துபோய்க் காலைச் சடாரென்று எடுத்தால் எடை முன்னால் பாய்ந்து பின்பக்கம் இன்னும் லேசாகிவிடும், வால் இன்னும் வேகமாகச் சுற்றும். கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றியே வருகின்றன.

படி 1: டயரைக் குனிந்து பாருங்கள்

செகண்ட் ஹேண்ட் ஸ்போர்ட்ஸ் கார்களில் பலரும் ஏமாறும் இடம் இது. அதிகம் ஓடாத கார் என்பதால் டயரில் பட்டன் (ரோட்டைத் தொடும் பரப்பில் உள்ள வரிப்பள்ளங்கள்) நிறைய இருக்கும். ஆனால் ரப்பர் வயதாகி இறுகியிருக்கும். டயரின் பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2317 என்றால் 2017-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் தயாரானது. அப்படிப்பட்ட டயர் பார்க்கப் புதிதாக இருந்தாலும் ஈரத்தில் பிடிக்காது. மாற்றிவிடுங்கள், பணத்தைப் பார்க்காதீர்கள்.

பட்டன் ஆழம் 1.6 மி.மீட்டருக்குக் கீழே போகக் கூடாது என்பது சட்டம். இந்தக் காருக்கு அது போதாது, 3 மி.மீ. வந்ததுமே மாற்றுவது நல்லது என்பது என் கருத்து. அகலமான டயருக்குத் தண்ணீரை ஒதுக்கித் தள்ளும் வேலை அதிகம். பந்தய டிராக்குக்கென்றே செய்த, பட்டன் குறைந்த டயர் போட்ட காரை மழைக்காலத்தில் வெளியே எடுக்கவே வேண்டாம்.

காற்றழுத்தத்தை டிரைவர் கதவோரம் உள்ள ஸ்டிக்கரில் போட்டிருக்கும் அளவுக்கே, டயர் குளிர்ந்திருக்கும்போது சரிபாருங்கள். மழைக்குக் காற்றைக் குறைத்தால் பிடிப்பு கூடும் என்று சிலர் சொல்வதைக் கேட்காதீர்கள். காரணம் படி 5-ல் வரும்.

படி 2: மோடு மாற்றுங்கள், பட்டனைத் தொடாதீர்கள்

மஸ்டாங்கின் டேஷ்போர்டில் உள்ள சுவிட்சில் மழை, பனிக்கென்று ஒரு மோடு உண்டு. அதில் போட்டால் ஆக்ஸிலரேட்டர் மந்தமாகும். ஒரே அளவு மிதிக்கு எஞ்சின் நிதானமாகப் பதில் சொல்லும். டிராக் மோடு இதற்கு நேர் எதிர், ரோட்டில் அதற்கு வேலையே இல்லை. டிராக்‌ஷன் கன்ட்ரோலை (சக்கரம் வழுக்கிச் சுழல்வதைத் தடுக்கும் வசதி) அணைக்கும் பட்டனைத் தொடவே வேண்டாம். வேகத்தைத் தானாக ஒரே அளவில் வைத்திருக்கும் க்ரூஸ் கன்ட்ரோலும் வேண்டாம். தேங்கிய தண்ணீரில் அது வேகத்தைப் பிடிக்கப் பார்த்துப் பின் சக்கரத்தைச் சுழற்றிவிடும்.

படி 3: காலைப் பழக்குங்கள்

ஈரச் செருப்போடு ஓட்டாதீர்கள். அடிப்பாகம் மெல்லிய ஷூ போட்டு, ஏறியதும் காருக்குள் இருக்கும் மேட்டில் நன்றாகத் துடைத்துக்கொள்ளுங்கள். குதிகாலைத் தரையில் ஊன்றி, விரல் பக்கத்தால் மட்டும் ஆக்ஸிலரேட்டரை அழுத்துங்கள். ஒரு குழியில் கார் குதித்தாலும் கால் சேர்ந்து குதிக்காது.

படி 4: சிக்னலில் திரும்புவது

பின்பக்கம் வழுக்கத் தொடங்க நூறு கி.மீ. வேகம் தேவையில்லை. முதல் கியரில், ஒரு முனையில் திரும்பும்போதே நடக்கும். குறைந்த கியரில்தான் சக்கரத்துக்குப் போகும் இழுவிசை அதிகம்.

டயரின் பிடிப்பை மாதச் சம்பளம் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். திரும்புவதற்கு ஒரு பங்கு, வேகம் எடுப்பதற்கு ஒரு பங்கு, பிரேக்குக்கு ஒரு பங்கு, எல்லாம் ஒரே கணக்கிலிருந்துதான். மழையில் அந்தச் சம்பளமே வெகுவாகக் குறைந்துவிடுகிறது. திரும்பும்போதே மிதித்தால் பின் டயருக்குக் கட்டுப்படியாகாது.

சென்னை ஓஎம்ஆரில் இடதுபக்கம் திரும்ப நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முன்னால் ஜீப்ரா கோடுகள், ஓரத்தில் தேங்கிய தண்ணீர், பஸ்ஸிலிருந்து சொட்டிய டீசல். பச்சை விழுகிறது. பிரேக்கிலிருந்து காலை மெல்ல எடுங்கள். ஆட்டோமேட்டிக் கியர் என்பதால் கார் தானாக நகரும். ஆக்ஸிலரேட்டரைத் தொடாமலே ஜீப்ரா கோட்டைத் தாண்டலாம். ஸ்டீயரிங் திரும்பியிருக்கும் வரை ஆக்ஸிலரேட்டரில் கால் வெறுமனே கிடக்கட்டும். ஸ்டீயரிங் நேராக வர வர, அதே அளவுக்குக் கால் இறங்கட்டும். பின்னால் ஆட்டோக்காரர் ஹாரன் அடிப்பார். அடிக்கட்டும்.

கத்திப்பாரா மேம்பாலத்தின் சுற்றுப்பாதை மாதிரியான நீண்ட வளைவிலும் இதே கணக்குதான். வேகத்தை வளைவுக்கு முன்பே, ஸ்டீயரிங் நேராக இருக்கும்போதே குறையுங்கள். உள்ளே போனபின் கால் அசையாமல் ஒரே அளவில் இருக்க வேண்டும். பாலத்தின் குறுக்கே வரும் இரும்பு இணைப்புகள் ஈரத்தில் மிக வழுக்கலானவை; அவற்றின் மேல் போகும்போது மிதிக்கவும் வேண்டாம், காலை எடுக்கவும் வேண்டாம். மேன்ஹோல் மூடிக்கும் ரோட்டில் பூசிய பெயின்ட்டுக்கும் இது பொருந்தும்.

பல நாள் வெயிலுக்குப் பிறகு பெய்யும் முதல் தூறலைக் கனமழையைவிடச் சந்தேகமாகப் பாருங்கள். ரோட்டில் படிந்த எண்ணெயும் டயர்த் தூளும் கழுவப்படாமல், தண்ணீரோடு கலந்து மேலே மிதக்கும் நேரம் அது.

படி 5: தண்ணீருக்கு மேல் மிதப்பது

டயருக்கும் ரோட்டுக்கும் நடுவே தண்ணீர் புகுந்து டயரை முழுவதுமாகத் தூக்கிவிடுவதைத்தான் அக்வாபிளேனிங் என்கிறார்கள். அமெரிக்காவின் நாசா 1960-களில் பெரும்பாலும் விமான டயர்களை வைத்து இதை ஆராய்ந்தது. பட்டனின் ஆழத்தைவிடத் தண்ணீர் ஆழமாக இருந்தால், டயர் மிதக்கத் தொடங்கும் வேகம் காற்றழுத்தத்தைப் பொறுத்தது என்று கண்டார்கள். அந்தச் சூத்திரத்தில் போட்டால் 32 பிஎஸ்ஐ அழுத்தத்துக்கு மணிக்கு சுமார் 94 கி.மீ.; 25 பிஎஸ்ஐ என்றால் சுமார் 83. காற்றைக் குறைக்காதீர்கள் என்று சொன்னதன் காரணம் இதுதான். அகலமான கார் டயர் இதற்கு முன்பே மிதக்கலாம் என்பதால், ஈசிஆரில் தண்ணீர் நிற்கும்போது 60-ஐத் தாண்டாமல் இருப்பதே நல்லது.

மிதக்கும்போது ஸ்டீயரிங் திடீரென்று லேசாகிவிடும். ஆர்பிஎம் முள் காரணமில்லாமல் ஏறும். அப்போது பிரேக் வேண்டாம், ஸ்டீயரிங்கைத் திருப்ப வேண்டாம். நேராகப் பிடித்துக்கொண்டு ஆக்ஸிலரேட்டரை மட்டும் படிப்படியாக விடுங்கள். சக்கரம் திரும்பிய நிலையில் டயர் மறுபடி ரோட்டைப் பிடித்தால், கார் அந்தப் பக்கம் பாய்ந்துவிடும்.

படி 6: இடைவெளி

முன்னால் போகும் வண்டி ஒரு கம்பத்தைத் தாண்டியதிலிருந்து நீங்கள் அதைத் தாண்டக் குறைந்தது 4 வினாடி ஆக வேண்டும். ஈரத்தில் நிற்கும் தூரம் உலர் ரோட்டைவிடக் குறைந்தது இரண்டு மடங்கு என்கிறது பிரிட்டனின் சாலை விதி நூல். அவசரமாக நிறுத்த வேண்டி வந்தால் பிரேக்கை முழுதாக மிதித்தபடியே இருங்கள். பெடல் தடதடவென்று அதிர்வது, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் வேலை செய்வதால்தான்.

படி 7: வால் வீசிவிட்டால்

எல்லாம் செய்தும் பின்பக்கம் நழுவலாம். முதலில் தெரிவது இருக்கையில்தான். இடுப்புக்குக் கீழே ஒரு பக்கமாக இழுப்பது போல இருக்கும். அந்த நொடியே கண்ணை நீங்கள் போக வேண்டிய இடத்தில் வையுங்கள். மீடியனையோ லாரியையோ பார்த்தால் கை அங்கேயே போகும். ஆக்ஸிலரேட்டரைப் பட்டென்று விடாமல் இளக்குங்கள். பின்பக்கம் வலது பக்கம் போனால் ஸ்டீயரிங்கும் வலது பக்கம், முன் சக்கரங்கள் ரோட்டின் திசையைப் பார்க்கும் அளவுக்கு மட்டும்.

அப்புறம் முக்கியமான பாதி இருக்கிறது: கார் நேராகத் தொடங்கியதுமே ஸ்டீயரிங்கையும் உடனே நேராக்குங்கள். தாமதித்தால் வால் மறுபக்கம் வீசும். இரண்டாவது வீச்சு முதலாவதைவிட மோசமானது. டேஷ்போர்டில் இஎஸ்சி (கார் நிலை தடுமாறாமல் காக்கும் மின்னணு வசதி) விளக்கு கண்சிமிட்டினால் அதுவும் தனித்தனிச் சக்கரத்தில் பிரேக் போட்டு உதவுகிறது என்று பொருள். ஆனால் டயர் தண்ணீரில் மிதக்கும்போது அதனால் எதுவும் செய்ய முடியாது.

படி 8: பழக வேண்டிய இடம்

காலியான சர்வீஸ் ரோட்டில் டிரிஃப்ட் (வேண்டுமென்றே வாலை வீசவிட்டு ஓட்டுவது) பழகுவது கூடவே கூடாது. தெருவில் யாராவது வருவார்கள். ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் பந்தயப் பாதை இருக்கிறது. கோவைப் பக்கம் என்றால் காரி ஸ்பீட்வே. டிராக்கைத் திறந்துவிடும் நாளில், பயிற்சியாளர் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஈரத் தரையில் பழகுங்கள். முதலில் நேர்கோட்டில் முழு பிரேக். அடுத்து, மழை மோடிலேயே பெரிய வட்டமாக மெதுவாகச் சுற்றிக்கொண்டு, இஎஸ்சி விளக்கு கண்சிமிட்டும் வரை ஆக்ஸிலரேட்டரைத் துளித்துளியாகக் கூட்டுங்கள். அப்போது பெடல் எவ்வளவு இறங்கியிருந்தது என்று கவனியுங்கள். மழையில் ரோட்டில் திரும்பும்போது அதில் பாதியைத் தாண்ட வேண்டாம்.