எந்த ஊர் வேட்டியில் உட்கார்ந்தது? அந்துப்பூச்சிப் பதிவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அழகர்மலை அடிவாரத்துத் தோப்பு ஒன்றில், அமாவாசையை ஒட்டிய இரவுகளில், எங்கள் சிறிய அமைப்பு ஊர்க்காரர்களுடனும் கல்லூரி மாணவர்களுடனும் சேர்ந்து வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டி, விளக்கு வைத்து, வந்து அமரும் அந்துப்பூச்சிகளைப் பதிவு செய்து வருகிறது. அண்மையில் புதிதாகச் சேர்ந்தவர்களைக் கவனித்தபோது, நான் முன்பு செய்த பிழைகளை அவர்களும் வரிசை மாறாமல் செய்வதைக் கண்டேன். படம் கலங்குவது, மின்கலம் பாதி இரவில் தீர்வது போன்றவற்றை எவரும் இரண்டாம் இரவிலேயே திருத்திக்கொள்வார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

வாட்ஸ்அப்பில் வாங்கிய படத்தை வீட்டிலிருந்து பதிவேற்றுவது

இந்தத் தவறு இன்றும் எனக்கு எரிச்சலூட்டுகிறது. கைபேசியில் எடுக்கும் படத்தோடு, இருப்பிடம் காட்டும் வசதி இயக்கத்தில் இருந்தால், எடுத்த இடமும் நேரமும் சேர்ந்தே பதிவாகின்றன. அதே படத்தை வாட்ஸ்அப் குழுவில் சாதாரணமாகப் பகிரும்போது அது சுருக்கப்படுவதோடு அந்த விவரங்களும் உதிர்ந்துவிடுகின்றன. மறுநாள் ஒருவர் எல்லாருடைய படங்களையும் திரட்டி உயிரினங்களைப் பதிவு செய்யும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஏற்றும்போது, விடுபட்டவற்றைத் தம் கையால் நிரப்ப வேண்டியதாகிறது. அசதியில் தம் வீட்டையும் அன்றைய தேதியையும் இட்டுவிடுகிறார்.

ஒரு வடகிழக்குப் பருவமழைக் காலம் முழுவதும் அந்த ஒருவர் நானாக இருந்தேன். மலையடிவாரத்தில் எடுத்த பூச்சிகள் அனைத்தும் மதுரை நகருக்குள், வில்லாபுரத்துத் தெரு ஒன்றில் குடியேறிவிட்டன. “அண்ணே, படம் தெளிவாத்தானே இருக்கு?” என்று ஒரு மாணவர் ஆறுதல் கூறினார். சிக்கலே அங்குதான் இருக்கிறது. தளத்தில் பெயரைச் சரிபார்ப்பவர்கள் சிறகின் கோடுகளைப் பார்க்கிறார்கள். அந்தப் பூச்சி எந்த ஊர் வேட்டியில் உட்கார்ந்தது என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டோர் பெயரை ஒப்புக்கொண்டால் பதிவு ஆய்வுத் தரம் பெறுகிறது. பதிவுக்கு அளித்த பகிர்வு உரிமம் இடம் கொடுத்தால் ஜிபிஐஎஃப் என்னும் உலகளாவிய உயிரினத் தரவுத்தளத்துக்கும் சென்றுவிடுகிறது. பிழையான இடம் இவ்வாறு சான்றிதழோடு ஊர்வலம் போகிறது.

குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்த சில இரவுகளை மட்டும் என்னால் மீட்க முடிந்தது. எஞ்சிய பதிவுகளை நானே அழித்தேன். இப்போது எங்களிடம் ஒரே விதி உள்ளது: படமெடுத்தவரே, எடுத்த கைபேசியிலிருந்தே பதிவேற்ற வேண்டும். பிறருக்கு அனுப்பியே தீர வேண்டுமென்றால், மூலக் கோப்பை ஆவணமாக அனுப்ப வேண்டும். நள்ளிரவு பன்னிரண்டு மணிக்குப் பின் எடுத்த படத்தில் மறுநாள் தேதி இருப்பதைப் பிழையென எண்ணிச் சிலர் ‘திருத்தி’விடுகிறார்கள், அந்தத் தேதி சரியானதே.

செயலி சொல்லும் பெயரை அப்படியே ஏற்பது

படத்தைப் பார்த்து ஐநேச்சுரலிஸ்ட் செயலி ஊகத்தைத்தான் சொல்கிறது. அரளிச் செடியில் வளரும் பச்சைநிறப் பருந்து அந்துப்பூச்சியைப் போலப் படத்திலேயே துலங்குபவை உண்டு. ஆனால் பல சிற்றினங்களை, இனப்பெருக்க உறுப்புகளை நுண்ணோக்கியில் ஆராயாமல் பிரித்தறிய முடியாது. அங்கே பேரினத்தோடு நிறுத்திக்கொள்வதில் வெட்கம் ஏதுமில்லை.

விடியும்வரை திரையை விட்டுவைப்பது

பூச்சி தின்னும் கரிச்சான் குருவிக்குப் பந்தி விரித்ததாகும்.

புற ஊதா விளக்கை உற்றுப் பார்ப்பது

பார்க்காதீர்கள்.

காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது

வனத்துறையின் எழுத்துப்பூர்வ அனுமதி கைக்கு வரும்வரை ஊர்த் தோப்பே போதும்.

வெறும் இரவை எழுதாமல் விடுவது

நிலவு காய்ந்த இரவிலும் காற்று வீசிய இரவிலும் திரை ஏறக்குறைய வெறுமையாகவே இருக்கும். மழை விட்ட மாலையில் ஈசல் மொய்த்து, அந்துப்பூச்சி எதையும் காண முடியாமல் போவதும் உண்டு. புதியவர்கள் அந்த நாள்களில் ஏட்டைத் திறப்பதே இல்லை. விளக்கு எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை எரிந்தது, வானிலை எப்படி இருந்தது, எதுவும் வரவில்லை என்று மூன்று வரி எழுதிவிட்டுத்தான் நாங்கள் வேட்டியை மடிக்கிறோம்.