சிறிய இன நாயை வீட்டில் குட்டி ஈன வைப்பதற்கு முன்

பொமரேனியன், சிவாவா, ஷிட்ஸு, யார்க்‌ஷயர் டெரியர் போன்ற சிறிய இன நாய்களை வளர்ப்பவர்களில் பலர், நாய் சிறியது என்பதால் அதன் பிரசவமும் எளிதாகவே முடிந்துவிடும் என்று நம்புகிறார்கள். உண்மையில் இந்த இனங்களின் பெரும்பாலான சிக்கல்களுக்கு அந்தச் சிறிய உடலே வேர். தாயின் இடுப்பெலும்பு வழி குறுகலானது. அதனோடு ஒப்பிட்டால் குட்டியின் தலை பெரிது. பிறந்த குட்டி ஏறத்தாழ 100 கிராம் எடையே இருப்பதால், சேமிப்பு என்று சொல்லத்தக்க கொழுப்போ சர்க்கரையோ அதன் உடலில் இல்லை. பெரிய நாயிடம் அரை நாள் பொறுத்துப் பார்க்கக்கூடிய கோளாறு, இங்கே ஓரிரண்டு மணி நேரத்தில் உயிரைக் கொண்டுபோய்விடும்.

முதலில் எந்தப் பெட்டையைத் தாயாக்குவது என்று முடிவு செய்ய வேண்டும். சிறிய இனங்களில் முதல் பருவம் 6 முதல் 10 மாத வயதிலேயே வந்துவிடுகிறது. ஆனால் அந்த வயதில் நாயே இன்னும் குட்டிதான். உடல் வளர்ச்சி நிறைவடைந்து, மூட்டுகளையும் இதயத்தையும் நம்பிக்கையோடு பரிசோதிக்கக்கூடிய ஒன்றரை அல்லது இரண்டு வயது வரை காத்திருப்பதே முறை. முழங்கால் சில்லு இடம் நழுவுகிறதா, இதயத் துடிப்பில் வேற்றொலி கேட்கிறதா, விழித்திரையில் குறை உண்டா என்பவற்றைக் கால்நடை மருத்துவர் பார்க்க வேண்டும். ஓடும்போது திடீரென ஒரு பின்காலைத் தூக்கிக்கொண்டு மூன்று காலில் துள்ளும் நாயைப் பார்த்து வீட்டார் சிரிப்பார்கள். அது பெரும்பாலும் சில்லு நழுவுவதன் அடையாளம், குட்டிகளுக்கும் இறங்கக்கூடியது.

மிகச் சிறிய குட்டிகளுக்கு மவுசு அதிகம் என்பதால் ‘டீகப்’ என்று பெயர் சூட்டி விற்பவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஓர் இனமே கிடையாது. இருப்பதிலேயே சிறிய நாய்களைத் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்துப் பெறும் விளைவு அது. தாய் தன் இனத்துக்குரிய எடையின் மேல்வரம்பை ஒட்டியும், தந்தை அதைவிடச் சற்றுச் சிறியதாகவும் இருப்பதே பாதுகாப்பு. உங்கள் பெட்டை தன் இனத்திலேயே மிகச் சிறியது என்றால் அதைச் சினையாக்கக் கூடாது; இதில் பேரம் பேச இடமில்லை என்றே கருதுகிறேன்.

கடுவனைத் தேர்ந்தெடுக்கும்போது உறவு முறையைப் பார்க்க வேண்டும். உடன்பிறப்புகளையும் தாய், பிள்ளைகளையும் இணைத்தால், இரு பக்கமும் மறைந்திருக்கும் ஒரே குறை குட்டியில் ஒன்றுசேர்ந்து வெளிப்படும் வாய்ப்பு கூடுகிறது. மெர்ல் எனப்படும் திட்டு நிற நாய்கள் இரண்டை இணைத்தால் ஏறத்தாழ நான்கில் ஒரு குட்டிக்கு அந்த மரபணு இரட்டையாகச் சேர்ந்து, காது கேளாமையோ பார்வைக் குறையோ வரக்கூடும் என்பதால் அந்த இணைப்பை அறவே தவிர்க்க வேண்டும். இரண்டு நாய்களுக்கும் புரூசெல்லா என்ற பாக்டீரியா தொற்றுக்கான பரிசோதனை அவசியம். அந்த நோய் கருச்சிதைவை உண்டாக்குவதோடு மனிதரையும் தொற்றக்கூடியது. தடுப்பூசிகளையும் குடற்புழு நீக்கத்தையும் இணைசேர்க்கும் முன்பே முடித்துவிடலாம்.

இணைசேர்ப்பதில் பெரிய நுட்பம் எதுவும் இல்லை. இரத்தக் கசிவு வைக்கோல் நிறத்துக்கு மாறி, பெட்டை வாலை ஒரு பக்கமாக ஒதுக்கி நிற்கும் நாள்களே ஏற்றவை. ஐயம் இருந்தால் இரத்தத்தில் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனின் அளவைப் பார்த்து நாளைத் துல்லியமாக அறியலாம். இரண்டும் பிணைந்து நிற்கும் நேரம் அரை மணி வரைகூட நீளலாம். அப்போது பதறிப் பிரித்து இழுப்பது இரண்டுக்கும் காயத்தை உண்டாக்கும்.

சினைக்காலம் கருமுட்டை வெளிப்பட்ட நாளிலிருந்து ஏறத்தாழ 63 நாள். விந்தணு தாயின் உடலில் பல நாள் உயிரோடிருக்கும் என்பதால், இணைசேர்ந்த நாளை வைத்துப் போடும் கணக்கு சில நாள் முன்பின்னாகும். நான்காவது வாரத்தில் ஸ்கேன் எடுத்துச் சினையை உறுதிசெய்யலாம். 55ஆம் நாளுக்குப் பிறகு எடுக்கும் எக்ஸ்ரேயில் குட்டிகளின் எண்ணிக்கை தெரியும். இந்த எண்ணிக்கையைச் செலவு என்று எண்ணித் தவிர்ப்பவர்கள், பிரசவ இரவில் இன்னும் ஒன்று உள்ளே இருக்கிறதா என்று தெரியாமல் தவிப்பார்கள். ஒரே குட்டி என்று தெரிந்தால் கூடுதல் கவனம் தேவை. அது மிகப் பெரிதாக வளர்ந்துவிடுவதும், தனியொரு குட்டியால் பிரசவத்தைத் தூண்ட முடியாமல் போவதும் உண்டு என்பதால், மருத்துவர் சிசேரியனுக்கு நாள் குறிக்க நேரலாம்.

உணவைக் கடைசி மூன்று வாரங்களில் படிப்படியாகக் கூட்டி, குட்டிகளுக்கான சத்து மிகுந்த உணவைச் சிறுசிறு வேளைகளாகக் கொடுக்க வேண்டும். கால்சியம் மாத்திரையை மட்டும் சினைக்காலத்தில் தாமாகக் கொடுக்கக் கூடாது. வெளியிலிருந்து தாராளமாக வந்துகொண்டிருந்தால், எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்துப் பயன்படுத்தும் உடலின் திறன் மந்தமாகிவிடும். அதன் விளைவு பால் சுரக்கும் காலத்தில் தெரியும்.

பிரசவத்துக்கு ஒரு வாரம் முன்பே ஆள் நடமாட்டம் குறைந்த அறையில் பெட்டியை வைத்துத் தாயைப் பழக்க வேண்டும். 58ஆம் நாளிலிருந்து நாளுக்கு இருமுறை ஆசனவாயில் வெப்பமானி வைத்துக் குறித்து வந்தால், வழக்கமாக 38 டிகிரி செல்சியஸை ஒட்டியிருக்கும் வெப்பம் 37 டிகிரிக்குக் கீழே இறங்குவதைக் காணலாம். அதிலிருந்து ஒரு நாளுக்குள் பிரசவம் தொடங்க வேண்டும். தொடங்காவிட்டாலும், தாய் வலுவாக முக்கியும் அரை மணி நேரத்தில் குட்டி வராவிட்டாலும், உள்ளே குட்டி இருக்கும்போதே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விழுந்தாலும், முதல் குட்டி வரும் முன்பே கரும்பச்சை நிறக் கசிவு தென்பட்டாலும் உடனே மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும். பின்கால்கள் முதலில் வருவது நாய்களில் இயல்பானதுதான். அதற்காக அஞ்ச வேண்டியதில்லை. கருப்பையைச் சுருங்கச் செய்யும் ஆக்சிடோசின் ஊசியை வீட்டில் போடுவது மிகுந்த ஆபத்து. வழி அடைபட்டிருக்கும்போது கருப்பையை மேலும் சுருங்கச் செய்தால் அது கிழிந்துவிடலாம். நள்ளிரவிலும் அறுவைச் சிகிச்சை செய்யும் மருத்துவமனை எது, அங்கே போய்ச் சேர எவ்வளவு நேரமாகும் என்பதை இணைசேர்க்கும் முன்பே விசாரித்து வைத்திருக்க வேண்டும். அப்படியொன்று எட்டும் தூரத்தில் இல்லை என்றால், வீட்டில் குட்டி ஈன வைக்கும் எண்ணத்தையே விட்டுவிடுவது நல்லது.

குட்டியைச் சுற்றியுள்ள உறையைத் தாய் உடனே கிழிக்காவிட்டால் நீங்கள் விரலால் கிழித்து, வாயையும் மூக்கையும் துடைத்து, உலர்ந்த துண்டால் அழுத்தித் தேய்க்க வேண்டும். குட்டியைக் கையில் பிடித்து வீசி ஆட்டும் பழைய முறை மூளையில் காயத்தை ஏற்படுத்தக்கூடும், அது வேண்டாம். முதல் சில மணி நேரத்துக்குள் ஒவ்வொரு குட்டியும் சீம்பால் குடித்ததா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதல் இரண்டு வாரங்கள்தாம் உண்மையில் கடினமானவை, தூக்கமும் அப்போதுதான் கெடும். குட்டிகளால் தம் உடல் வெப்பத்தைத் தாமே காத்துக்கொள்ள முடியாது. முதல் வாரத்தில் அவை படுக்கும் இடம் 29 முதல் 32 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும்; ஆனால் தாய் விலகிப் படுக்கவும், குட்டிகள் ஊர்ந்து தப்பவும் பெட்டியின் ஒரு மூலை குளிர்ச்சியாக இருக்கட்டும். குளிர்ந்துபோன குட்டிக்குப் பால் புகட்டக் கூடாது என்பதைப் பலர் அறிவதில்லை. அதன் குடல் அப்போது இயங்காது. பால் செரிக்காமல் தங்கும், அல்லது நுரையீரலுக்குள் போய்விடும். மெல்லச் சூடேற்றிய பிறகே பால். தினமும் ஒரே நேரத்தில், ஒரு கிராம் வேறுபாட்டைக் காட்டும் தராசில் ஒவ்வொரு குட்டியையும் எடை போட்டு எழுதி வைக்க வேண்டும். முதல் நாளில் சிறிது குறையலாம். பிறகு நாள்தோறும் கூடி, ஏறத்தாழ பத்து நாளில் பிறந்த எடை இரு மடங்காக வேண்டும். ஒரு நாள் முழுவதும் எடை கூடாத குட்டி, பார்வைக்கு நன்றாக இருந்தாலும், நலமாக இல்லை. பால் போதாதபோது நாய்க்குட்டிகளுக்கென்று விற்கும் பால்பொடியே பொருந்தும். நாய்ப்பாலில் புரதமும் கொழுப்பும் மாட்டுப்பாலைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. குட்டியைக் கவிழ்ந்த நிலையில் வைத்தே புகட்ட வேண்டும். குழந்தையைப் போல மல்லாத்தினால் புரையேறிவிடும்.

இந்த நாள்களில் தாயையும் மறந்துவிடக் கூடாது. ஈன்ற முதல் நான்கு வாரங்களுக்குள், அதிலும் பல குட்டிகளுக்குப் பாலூட்டும் சிறிய தாய்க்கு, இரத்தத்தில் கால்சியம் திடீரெனச் சரியலாம். அமைதியின்மை, கடும் மூச்சிரைப்பு, விறைத்த நடை, தசை நடுக்கம் ஆகியவை அதன் அறிகுறிகள். குட்டிகளைப் பிரித்துவிட்டு அப்போதே மருத்துவரிடம் ஓட வேண்டும். காலை வரை காத்திருந்தால் வலிப்பு வந்து தாய் இறந்துவிடக்கூடும். மடி கல்லாகிச் சிவந்திருப்பதும், கசிவில் துர்நாற்றம் வீசுவதும்கூட மருத்துவமனைக்குரிய காரணங்களே.

நான்காவது வாரத்திலிருந்து கூழான உணவைப் பழக்கலாம். இரண்டு வார வயதிலிருந்து இரு வாரத்துக்கு ஒருமுறை குடற்புழு மருந்தும், 6 முதல் 8 வாரத்தில் முதல் தடுப்பூசியும் தேவை. மனிதர், ஓசைகள், தரையின் வகைகள் என அனைத்தோடும் குட்டி பழகிக்கொள்ளும் பருவம் மூன்றாவது வாரத்தில் தொடங்கி 12 முதல் 14 வாரத்துக்குள் பெரும்பாலும் முடிந்துவிடுவதால், பெட்டிக்குள் வைத்தே வளர்த்த குட்டி பிற்காலத்தில் அச்சமுள்ள நாயாகும். மிகச் சிறிய இனக் குட்டிகளை 10 முதல் 12 வாரம் வரை தாயோடு வைத்திருப்பது நல்லது. ஒரு வேளை உணவு தவறினாலும் அவற்றுக்கு இரத்தச் சர்க்கரை இறங்கித் தள்ளாட்டம் வரும் என்பதையும், அப்போது ஈறில் சர்க்கரைப்பாகைத் தடவிக்கொண்டே மருத்துவரிடம் விரைய வேண்டும் என்பதையும் வாங்குபவருக்குச் சொல்லிக் கொடுத்தே அனுப்ப வேண்டும்.

குட்டியை ஒப்படைக்கும் முன் அந்த வீட்டைப் பற்றி விசாரிப்பதற்குக் கூச்சப்படத் தேவையில்லை. எந்தக் காரணத்தால் வளர்க்க முடியாமல் போனாலும், எந்த வயதிலும், நாய் உங்களிடமே திரும்ப வேண்டும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அப்படித் திரும்பும் ஒன்றிரண்டுக்கு உங்கள் வீட்டில் இடம் உண்டா என்பதையும் முன்கூட்டியே எண்ணிப் பாருங்கள். எந்தக் குட்டி எங்கே போனது என்ற குறிப்பைப் பாதுகாத்து, ஒவ்வொன்றும் ஒரு வயதைக் கடந்தபின் முழங்காலையும் இதயத்தையும் பற்றிக் கேட்டறிய வேண்டும். ஏதேனும் ஒன்றுக்குப் பரம்பரைக் குறை வெளிப்பட்டால், மற்றக் குட்டிகளின் வீட்டாருக்கும் கடுவனின் உரிமையாளருக்கும் தெரிவித்துவிட்டு, தாய்க்குக் கருத்தடை அறுவைச் சிகிச்சைக்கு நாள் கேளுங்கள்.