வகுப்பை உற்றுநோக்கிய பின் ஆசிரியரோடு உரையாடுவது எப்படி?

தலைமை ஆசிரியர் வகுப்பின் கடைசி வரிசையில் அமர்ந்து ஒரு பாடவேளையைக் கவனிப்பதும், பதிவேட்டிலோ செயலியிலோ குறிப்பெழுதுவதும் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் வழக்கமானவை. ஆனால் கற்பித்தலை மாற்றக்கூடியது அதன்பின் நிகழும் உரையாடல்தான். பல பள்ளிகளில் அது "நல்லா இருந்தது, கரும்பலகையை இன்னும் பயன்படுத்துங்க" என்று நடைவழியிலேயே முடிந்துவிடுகிறது.

உரையாடலின் தரம் வகுப்பில் எடுத்த குறிப்பைப் பொறுத்தது. ஆகவே "மாணவர் ஈடுபாடு குறைவு" போன்ற தீர்ப்புகளைத் தவிர்த்து, பிள்ளைகள் சொன்னதையும் எழுதியதையும் அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாம் வகுப்பில் 52இலிருந்து 27ஐக் கழிக்கச் சொன்னபோது சிலர் 35 என்று எழுதியிருந்தால், அந்த 35 என்ற விடையே போதிய சான்று. 2இலிருந்து 7ஐக் கழிக்க முடியாததால், 7இலிருந்து 2ஐக் கழித்திருக்கிறார்கள். பத்தைப் பிரித்து ஒன்றுகளாக்கலாம் என்பது அவர்களுக்கு இன்னும் பிடிபடவில்லை.

அன்றே, முடிந்தால் மதிய இடைவேளைக்குப் பிறகு, 20 நிமிடம் ஒதுக்குங்கள். மேசைக்கு எதிரே நிற்கவைத்துப் பேசுவது விசாரணையாகவே தோன்றும். ஆசிரியரின் வகுப்பறையிலேயே, பிள்ளைகளின் நோட்டுகளை நடுவில் வைத்து, அருகருகே அமர்வது நல்லது. முதலில் ஆசிரியர் பேசட்டும். "டீச்சர், 35 என்று எழுதிய பிள்ளைகள் எப்படி யோசித்திருப்பார்கள்?" என்று கேட்டுவிட்டு, அவர் யோசிக்கும் நேரத்தை உங்கள் விளக்கத்தால் நிரப்பாமல் காத்திருங்கள். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் ஏறத்தாழ ஒரு வினாடியே காத்திருந்ததையும், அதை மூன்று வினாடிகளுக்கு மேல் நீட்டியபோது மாணவரின் விடைகள் நீண்டு செறிவடைந்ததையும் அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் எடுத்துக்காட்டினார். அந்தப் பொறுமை ஆசிரியர்களுக்கும் உரியது என்றே நான் கருதுகிறேன்.

ஆசிரியர் "இந்தப் பிள்ளைகளுக்கு வீட்டில் சொல்லித்தர ஆளில்லை" என்று சொன்னால் மறுக்க வேண்டாம். அது பெரும்பாலும் உண்மையே. அதை ஏற்றுக்கொண்டு, "நம் கையில் உள்ள 40 நிமிடத்தில் எதை மாற்றிப் பார்க்கலாம்?" என்று பேச்சை நோட்டுக்குத் திருப்புங்கள். குச்சிக்கட்டைப் பிரித்துக் காட்டுவது போன்ற ஒரு வழியை ஆசிரியரே முன்மொழிந்தால், அதைவிடச் சிறந்தது உங்களுக்குத் தெரிந்திருந்தாலும், அவருடையதையே முதலில் முயல விடுங்கள். தானே தேர்ந்ததைத்தான் ஒருவர் மனமொன்றிச் செய்வார்.

ஒரே ஒரு மாற்றத்தையும், நீங்கள் மீண்டும் வரும் நாளையும் இருவரும் சேர்ந்து எழுதிக்கொள்ளுங்கள். இந்தத் தாள் ஆண்டு மதிப்பீட்டுக் கோப்புக்குப் போகாது என்பதை வெளிப்படையாகச் சொல்லி, அதைக் காப்பாற்றவும் வேண்டும். ஒருமுறை மீறினால் அடுத்த உரையாடலில் எவரும் மனம் திறக்கமாட்டார்கள். குறித்த நாளில் சென்று அந்த ஒன்றை மட்டும் பாருங்கள்: 35 என்று எழுதிய பிள்ளைகள் இப்போது என்ன எழுதுகிறார்கள்?