பதினாலு வயது காருக்கு நாலு புது டயர்

எங்கள் காருக்கும் என் மகளுக்கும் ஒரே வயது, பதினாலு. மகளுக்கு வருடம் ஒருமுறை செருப்பு அளவு மாறுகிறது. காருக்கு அந்தச் செலவு இல்லை. ஆனால் செருப்பு தேய்ந்தால் காலுக்குத் தெரிந்துவிடும், டயர் தேய்ந்தால் ஓட்டுகிறவருக்குச் சட்டென்று தெரியாது. போன மாதம் நாலு டயரையும் மாற்றினேன். கடைக்குப் போகுமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்கப் பழைய டயர்களோடு உட்கார்ந்திருந்தேன். நீங்களும் அங்கிருந்தே தொடங்குங்கள்.

ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுவதுமாக ஒடித்து நிறுத்துங்கள். அப்போதுதான் முன் டயரின் உள் விளிம்பு கண்ணுக்குத் தெரியும். நின்றபடி பார்த்தால் தெரிவது வெளி விளிம்பு மட்டும், அது பெரும்பாலும் நல்ல பிள்ளையாகவே இருக்கும். என் காரில் வெளிப்பக்கப் பள்ளத்தின் ஆழம் 5 மி.மீ., உட்பக்கம் 2 மி.மீ. புது டயரில் சுமார் 8 இருக்கும். பள்ளத்துக்குள் குறுக்கே சின்னச் சின்ன மேடுகள் தெரியும். ரப்பர் அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் மிச்சம் 1.6 மி.மீ.தான். பல நாடுகளில் சட்டம் அனுமதிக்கும் கடைசி அளவு அது. அதுவரை காத்திருக்கக் கூடாது என்பது என் கட்சி. 3 மி.மீ. ஆகும்போதே மழைத் தண்ணீரை வெளியே தள்ளும் திறன் நன்றாகக் குறைந்திருக்கும்.

அப்புறம் உள்ளங்கையை டயர்மேல் வைத்துக் குறுக்காகத் தடவுங்கள். முதலில் உள்ளிருந்து வெளியே, பிறகு வெளியிலிருந்து உள்ளே. என் டயரில் ஒரு பக்கம் வழவழவென்று போன கை, திரும்பி வரும்போது ரம்பத்தைத் தொட்டதுபோல் தடுக்கியது. மகளைக் கூப்பிட்டுத் தடவிப் பார்க்கச் சொன்னேன். "பூனை நாக்கு மாதிரி இருக்குப்பா" என்றாள். அதைவிடச் சரியாக யாரும் சொல்லிவிட முடியாது. பூனை நாக்கு என்றால் சக்கரம் நேராக உருளாமல் கொஞ்சம் பக்கவாட்டில் தேய்ந்துகொண்டே போகிறது, அதாவது அலைன்மென்ட் போயிருக்கிறது. நடுவில் மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம், இரண்டு விளிம்பும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு. அங்கங்கே குழி குழியாக இருந்தால் ஷாக் அப்சார்பர் மேல் சந்தேகப்படுங்கள்.

வயதான காரில் அலைன்மென்ட் சும்மா போவதில்லை. என் காரில், சக்கரத்தை அடிச்சட்டத்தோடு இணைக்கும் லோயர் ஆர்ம் என்ற பாகத்தின் மூட்டில் இருக்கும் புஷ்ஷின் ரப்பர் வெடித்துப் பிளந்திருந்தது. அதை மாற்றாமல் எவ்வளவு நல்ல டயர் வாங்கிப் போட்டாலும் அதன் உள் விளிம்பையும் அதே புஷ் தின்றிருக்கும். எனவே முதல் செலவு அடிப்பகுதிக்கு, இரண்டாவது செலவுதான் டயருக்கு. இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

இனி டயரின் பக்கவாட்டைப் படியுங்கள். என்னுடையதில் 195/65 ஆர் 15 91 எச் என்று இருந்தது. அகலம் 195 மி.மீ., பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் 65 சதவீதம், உள்ளே 15 அங்குல ரிம். 91 என்பது சுமை எண், ஒரு டயர் 615 கிலோ தாங்கும். எச் என்றால் மணிக்கு 210 கி.மீ. வரை ஓடத் தகுதி. குழந்தைகளைப் பள்ளிக்குக் கொண்டுவிடும் காருக்கு எதற்கு 210 என்று நானும் கேட்டிருக்கிறேன். அந்த எழுத்து வேகத்தை மட்டும் சொல்வதில்லை, சூட்டைத் தாங்கும் திறனும் அதில் சேர்ந்திருக்கிறது. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் சீட்டில் உங்கள் காருக்கான அளவு இருக்கும். சுமை எண்ணிலும் வேக எழுத்திலும் அதற்குக் கீழே இறங்காதீர்கள். "கொஞ்சம் அகலமாகப் போடலாமே, பார்க்க நன்றாக இருக்கும்" என்று யாராவது ஆசை காட்டுவார்கள். தேங்கிய தண்ணீரில் அகலமான டயர் சீக்கிரம் மிதக்கும். பழைய அளவே போதும்.

எல்லாப் பருவத்துக்கும் என்று விற்கும் ஆல்-சீசன் டயர்தான் வேண்டுமா என்பதையும் ஒருமுறை யோசியுங்கள். கோடை டயரின் ரப்பர் சுமார் 7 டிகிரிக்குக் கீழே இறுகிப் பிடிப்பை இழக்கும். குளிர்கால டயர் வெயிலில் குழைந்து வேகமாகத் தேயும். ஆல்-சீசன் இரண்டுக்கும் நடுவே செய்துகொண்ட சமரசம். வருடம் முழுக்க வெப்பமாகவே இருக்கும் ஊரில் அதற்குத் தேவையே இல்லை, கோடை டயர் இன்னும் குறுகிய தூரத்தில் நிற்கும். மாதக்கணக்கில் பனி கிடக்கும் ஊரில் அது போதாது, தனியாகக் குளிர்கால டயர் செட் வேண்டும். குளிர் அவ்வப்போது எட்டிப்பார்த்துவிட்டுப் போகும் இடங்களுக்குத்தான் இது சரி. எம்+எஸ் (சேறும் பனியும்) என்ற எழுத்தைப் பார்த்துப் பனிக்கும் ஆகும் என்று நம்பிவிடாதீர்கள். அது பெரும்பாலும் பள்ளங்களின் வடிவத்தை வைத்துத் தயாரிப்பாளரே போட்டுக்கொள்வது. மூன்று சிகரமுள்ள மலைக்குள் ஒரு பனித்துகள் வரைந்த சின்னம் இருந்தால் பனியில் சோதித்துத் தேறிய டயர் என்று பொருள்.

எதை வாங்குவது என்ற குழப்பம் எனக்குக் கடைசியில் ஒரு பெருக்கல் கணக்கில் தீர்ந்தது. கடைக்காரர் முதலில் காட்டியது ஒரு லட்சம் கி.மீ. ஓடும் என்ற டயரை. எங்கள் கார் வருடத்துக்கு 8,000 கி.மீ. ஓடுகிறது. அந்தக் கணக்கில் டயர் தேய்ந்து முடியப் பன்னிரண்டரை வருடம் ஆகும். அதற்குள் காருக்கு இருபத்தாறு தாண்டியிருக்கும், மகள் தனக்கென்று ஒரு கார் வாங்கியிருப்பாள். அதற்கு வெகு முன்பே ரப்பர் வயதாகி வெடிக்கத் தொடங்கிவிடும். ஐந்து வருடம் தாண்டிய டயரை வருடம் ஒருமுறை பரிசோதிக்க வேண்டும், பத்து வருடத்துக்கு மேல் ஓட்டவே கூடாது என்று டயர் நிறுவனங்கள் பலவும் சொல்கின்றன. நான் ஒருபோதும் ஓட்டப்போகாத அந்தக் கடைசி இருபதாயிரம் கிலோமீட்டருக்கு எதற்குப் பணம் கொடுப்பது? நீண்ட நாள் உழைக்கும் ரப்பர் பெரும்பாலும் ஈரத்தில் பிடிப்பை விட்டுக்கொடுத்துத்தான் உழைக்கிறது. நிறைய ஓட்டுகிறவர்களுக்கு அது லாபம், எனக்கு இல்லை.

அதனால் நான் பார்த்தது ஈரப் பிடிப்பை மட்டும். ஐரோப்பிய லேபிளில் அது ஏ முதல் இ வரை இருக்கும். அமெரிக்க முறையில் டிராக்ஷன் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஏஏ, ஏ, பி, சி. தேய்மானத்தைக் குறிக்க டிரெட்வேர் என்று 400, 600 போல ஓர் எண்ணும் இருக்கும். அதைத் தயாரிப்பாளரே கணித்துப் போடுவதால் ஒரு கம்பெனியின் எண்ணை இன்னொன்றோடு ஒப்பிடுவதில் பெரிய அர்த்தமில்லை. இரைச்சல் அளவையும் லேபிளில் போடுகிறார்கள். எங்கள் காரின் கதவு ரப்பர்கள் இருக்கும் லட்சணத்தில் அதைப் பற்றி நான் கவலைப்படவில்லை.

நாலும் வாங்க முடியாவிட்டால் ஒரே அச்சில் இரண்டு மாற்றலாம். அப்போது புதியவை பின்னால் போக வேண்டும். முன்சக்கரம் இழுக்கிற காரிலும் அப்படித்தான். மழையில் முன் டயர் வழுக்கினால் ஸ்டியரிங் லேசாகிவிடும், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் கார் சொல் கேட்கும். பின் டயர் வழுக்கினால் கார் சுழலும், அங்கே அனுபவசாலியும் திணறுவார்.

பணம் கொடுக்குமுன் தயாரித்த தேதியைப் பாருங்கள். டிஓடி என்ற எழுத்துகளில் தொடங்கும் குறியீட்டின் கடைசி நாலு இலக்கம் அது. 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம். இந்தக் குறியீடு முழுதாக ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கலாம், சில நேரம் குனிந்து உட்பக்கம் தேட வேண்டியிருக்கும். எனக்குக் கொண்டுவந்த நாலில் மூன்று சில மாதம் முந்தியவை. ஒன்று மட்டும் மூன்று வருடம் கிடங்கில் தூங்கியது. சொன்னதும் மறுபேச்சில்லாமல் மாற்றிக் கொடுத்தார்கள், பார்க்காவிட்டால் அதுவே காரில் ஏறியிருக்கும்.

மாட்டும்போது வால்வையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். பேலன்சிங், அலைன்மென்ட் இரண்டும் அன்றே முடியட்டும். என் டயர்களில் 44 பி.எஸ்.ஐ. காற்று அடித்து அனுப்பிவிட்டார்கள். டயரின் பக்கத்தில் எழுதியிருக்கும் அதிகபட்ச அளவு அது. கதவுத் தூணில் இருப்பது 32. மறுநாள் காலை, வண்டியை எடுக்குமுன், டயர் ஆறியிருக்கும்போது இறக்கினேன். புது ரப்பரின் மேல், அதை வார்த்த அச்சிலிருந்து வந்த பிசுக்கு இருக்கும், முதல் சில நூறு கிலோமீட்டருக்குத் திருப்பங்களில் நிதானமாகப் போங்கள்.

100 கி.மீ. ஓடியதும் இறுக்கத்தை அளந்து முறுக்கும் டார்க் ரென்ச்சால் வீல் நட்டுகளை ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். எங்கள் காரில் பின் இடது சக்கரத்தில் ஒரு நட்டு கால் சுற்று உள்ளே போனது.