பழம்புத்தகம் மலிவாகக் கிடைக்க, பெயரைத் தப்பாகத் தேடுங்கள்

அரிய பழைய நூலை இணையத்தில் தேடும்போது, ஆசிரியர் பெயரையும் தலைப்பையும் பிழையோடும் ஒருமுறை தட்டிப் பாருங்கள். ஆண்டு என்ற கட்டத்தை காலியாக விட்டுவிடுங்கள்.

ஒவ்வொரு நூலையும் அடையாளம் காட்டும் ஐஎஸ்பிஎன் எண் 1970 வாக்கில்தான் பரவலானது. அதற்கு முந்தைய நூல்களில் அந்த எண் இல்லாததால், விற்பவர் விவரத்தைப் பெரும்பாலும் கையால்தான் தட்டச்சு செய்கிறார், அதில் பிழை சகஜம். 1800க்கு முன் அச்சான ஆங்கில நூல்களில் இது இன்னும் அதிகம்: அந்தக் கால நீள 'எஸ்' எழுத்து பார்வைக்கு 'எஃப்' மாதிரியே இருக்கும், பலர் அப்படியே அடித்துவிடுவார்கள். ரோமன் எண்களில் உள்ள ஆண்டும் அடிக்கடி தவறும். சரியான பெயரில் தேடுபவர் கண்ணில் அந்தப் பிரதி படாது. போட்டி இல்லாததால் ஏலத்தில் விலையும் ஏறாது.

அனுபவமுள்ள பழம்புத்தக வணிகர்களிடம் இது பலிக்காது, அவர்கள் விவரங்களைச் சரிபார்த்தே போடுவார்கள். எழுத்துப் பிழையைத் தானே திருத்தித் தேடும் தளங்களிலும் பயன் குறைவு. அப்புறம், படத்தாள்களும் வரைபடங்களும் உள்ள நூல் என்றால் எல்லாத் தாளும் இருக்கின்றனவா என்று கேட்காமல் பணம் அனுப்ப வேண்டாம். அவற்றை உருவித் தனியாக விற்பது பழைய வழக்கம்.